இடக்கை

ஹார்லிங்கன் துறைமுகத்தில்
வாடைக்கு முகம் காட்டி நிற்கிறது இந்தச் சுவர்.
சின்னச் சின்ன மஞ்சள் செங்கல்.
வெயில் விழுந்தால் ரொட்டியின் மேலோடு போல இருந்திருக்கும்.
இப்போது பாதிக் கல்லுக்கு முகமில்லை,
விரல் வைத்தால் மாவாக உதிர்கிறது.
கல்லைச் சுற்றியிருந்த சிமெண்ட் மட்டும்
அப்படியே துருத்திக்கொண்டிருக்கிறது,
தேனெடுத்த பின் மிஞ்சிய அடை மாதிரி.

"எந்த முட்டாள் செஞ்ச வேலை இது?"
என்று கேட்டார் வீட்டுக்காரர் வோப்கே.
உளியை எடுத்து மூட்டில் வைத்தேன்.

குடித்த மழையைத் துப்ப வழி வேண்டும் சுவருக்கு.
சுண்ணாம்புச் சாந்து அதை வெயிலில் விட்டுவிடும்.
சிமெண்ட் வாயை இறுக மூடிக்கொள்ளும்.
நீர் கல்லுக்குள் ஒதுங்கும்,
ஜனவரியில் உறையும், பருக்கும்,
கல்லின் முகம் சத்தமில்லாமல் கழன்று விழும்.

இதெல்லாம் இப்போது தெரியும்.

உள்ளே, சிமெண்ட் எட்டாத ஆழத்தில்
கொட்டைப்பாக்களவு பழஞ்சாந்து கிடைத்தது.
ஹெர்ரிங் மீன் ஊறிய பாட்டிலைக் கழுவி
காடி ஊற்றி அதில் போட்டேன்.
இரைந்தது, நுரைத்தது.
என்றோ சிப்பி சுட்டு நீற்றிய சுண்ணாம்பு கரைந்து
அடியில் மணல் மட்டும்:
தேன்நிறம், ஊடே கரும்பொடி, கொஞ்சம் செங்கல் தூள்.

அதற்கு ஜோடி தேடி மூன்று கிடங்கு அலைந்தேன்.
முதல் மணலை நாக்கில் வைத்தேன். உப்பு.
அடுத்தது எல்லா மணியும் ஒரே அளவு,
ஒன்றையொன்று பிடிக்காது.
மூன்றாவது உள்ளங்கையில் கிரீச்சிட்டது.
பெரிதின் இடுக்கில் சிறிது,
சிறிதின் இடுக்கில் பொடி என
நெருக்கி உட்காரும் மணல்.

"வலுவாப் போடு. என் காலத்துக்கும் அசையக் கூடாது."

"கல்லைவிட வலுவாப் போட்டா கல்லுதான் போகும்.
சாந்துதான் முதல்ல தேயணும்.
தேய்ஞ்சதைச் சுரண்டிட்டுப் புதுசு வைக்கலாம்."

"அப்ப பலவீனத்துக்கா நான் காசு குடுக்கறேன்?"

"ஆமா."

மணல் மூன்று சட்டி, சுண்ணாம்பு ஒன்று.
தலைதட்டி அளக்கணும்.
கூம்பாக அள்ளினால் கணக்குத் தப்பும்.
தண்ணீர் கடைசியில், கஞ்சத்தனமாக.
மிக்ஸருக்குள் முதலில் புட்டு மாதிரி உதிரும்,
இன்னும் ஒரு குவளை ஊற்றேன் என்று கை பரபரக்கும்.
ஊற்றக் கூடாது.
கால்மணி நேரத்தில் தானாக இளகும்.
கரணையில் அள்ளித் தலைகீழாய்க் கவிழ்த்தேன்.
விழவில்லை.
அதுதான் பதம்.

முதல் நாளே கண்டுகொண்டேன்.
சிமெண்டைக் கொத்தும்போது,
ஒவ்வொரு மூட்டின் முடிவிலும் சின்னதாய் ஒரு கொக்கி,
வலமிருந்து இடமாக.
இந்த ஊரில் இடக்கைக் கொத்தனார் ஒருத்திதான்.
பத்தொன்பது வருஷம் முன்பு, முதல் தனி வேலை.
அன்றைய வீட்டுக்காரி விரலால் தட்டிப் பார்த்து
"இரும்பு மாதிரி இருக்கு" என்றாள்.
இரண்டு நாள் அந்தச் சொல்லோடு திரிந்தேன்.

"அந்த முட்டாள் நான்தான்" என்றேன்.
மிக்ஸர் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.
நிறுத்திவிட்டு
மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

சுவரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.
கூரையில் ஒரு கடற்காகம் கத்தி முடிக்கும்வரை பேசவில்லை.
"அப்ப இந்தக் கலவையை எப்படி நம்பறது, சீட்ஸ்கே?"

"நம்பாதீங்க."
பையிலிருந்து ஓர் ஆணி எடுத்துக் கொடுத்தேன்.
"பனி முடியட்டும். மூட்டுல கீறிப் பாருங்க.
லேசாக் கோடு விழணும்.
விழலேன்னா கூப்பிடுங்க."

ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
கூலியைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

கல்லை நனைத்தேன்.
மேல் வரிசையில் தொடங்கி, மூட்டில் சாந்தைத் திணித்து
அழுத்தி இழுத்தேன்.
இழுப்பின் கடைசியில் அதே கொக்கி விழுந்தது.
பிரஷ் கையில்தான் இருந்தது.
அழிக்கவில்லை.